678 சகோதரிகள் கொடுத்த மூளைகள்

1930 செப்டம்பர் 22ஆம் தேதி, நோத்ர தாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் வட அமெரிக்கத் தலைவி தம் சபையினருக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார். ஒவ்வொரு சகோதரியும் தம் வாழ்க்கைக் குறிப்பை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். இருநூறு, முந்நூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. பிறந்த ஊர், பெற்றோர், சின்ன வயதில் நடந்து மனதில் நின்றவை, படித்த பள்ளிகள், மடத்துக்கு வரத் தூண்டியவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதன்படி, துறவற வாக்குக் கொடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பாக இளம்பெண்கள் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்களுடைய சராசரி வயது 22. எழுதிய தாள்கள் மடத்துக் காப்பகத்தில் சேர்ந்தன.

எழுதியவர்கள் ஆசிரியைகளாகப் பல ஊர்களுக்குப் போனார்கள். ஓய்வு பெற்றார்கள், முதுமை வந்தது. சிலருக்குத் தொண்ணூறு வயதிலும் நினைவு தெளிவாக இருந்தது. சிலருக்கு எழுபத்தைந்திலேயே உடன் வாழும் சகோதரியின் பெயர் மறந்துபோயிற்று. இந்த வேறுபாட்டின் தடம் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஒற்றைத் தாளிலேயே இருந்ததாக 1996இல் ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. ஆய்வை நடத்தியவர் டேவிட் ஸ்நோடன். எந்த நோய் எந்தக் கூட்டத்தில் யாருக்கு ஏன் வருகிறது என்று கணக்கெடுக்கும் நோய்ப்பரவல் அறிவியல் அவருடைய துறை.

மூளை முதுமையைப் பற்றிய ஆய்வுகளில் கன்னியர் ஆய்வு என்று பெயர் பெற்ற இதற்குத் தனி இடம் உண்டு. இதைப் பற்றி எழுதுகிற பலரும் அந்தத் தாள்களின் வியப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய செய்தி வேறு: மூளைத் திசுவில் கிடக்கும் நோயும் மனிதரிடம் வெளிப்படும் நோயும் ஒரே அளவாக இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. மறதிநோயைத் தள்ளிப்போட நம்மால் ஏதாவது செய்ய முடியும் என்றால் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் முடியும்.

ஸ்நோடன் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, 1986இல், மேன்காட்டோ என்ற ஊரில் இருந்த இந்தச் சபையின் மடத்தைத் தேடிப் போனார். அதற்கு முன்பு அவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களின் உணவையும் நோயையும் ஆராய்ந்தவர். ஒரே மாதிரி வாழும் ஒரு சமயக் குழு ஆய்வாளனுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று அறிந்தவர். ஒருவருடைய நோய்க்குக் காரணம் தேடும்போது எல்லாமே குறுக்கே வரும்: புகைத்தாரா, குடித்தாரா, எத்தனை பிள்ளை பெற்றார், வருமானம் என்ன, என்ன சாப்பிட்டார், நல்ல மருத்துவர் கிடைத்தாரா. கன்னியர் மடத்தில் இவை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே சமையலறைச் சாப்பாடு, ஒரே கூரை, ஒரே மருத்துவம். புகை கிடையாது, பிள்ளைப்பேறு கிடையாது, தனிச் சொத்து கிடையாது. படிப்பில் மட்டும் வேறுபாடு இருந்தது. பெரும்பாலோர் கல்லூரி முடித்து ஆசிரியைகள் ஆனவர்கள். ஒரு சிறு பகுதியினர் அவ்வளவு படிக்காமல் சமையல், துணி வெளுப்பு போன்ற வேலைகளைப் பார்த்தவர்கள்.

ஸ்நோடனின் முதல் கேள்வி இந்தப் படிப்பைப் பற்றியதுதான். காப்பகத்தில் இருந்த பழைய பதிவேடுகளைக் கொண்டு அவர் கணக்குப் பார்த்தார். குறைவாகப் படித்த சகோதரிகள் முன்னதாக இறந்திருந்தார்கள். முதுமையில் பிறர் துணை இல்லாமல் நடமாட முடியாதவர்களும் அவர்களில் அதிகமாக இருந்தார்கள். அரை நூற்றாண்டுக் காலம் ஒரே உணவும் ஒரே மருத்துவமும் பெற்ற பிறகும் இளமையில் கிடைத்த, கிடைக்காத படிப்பின் விளைவு அழியவில்லை. 1989இல் வெளியான இந்த முடிவு பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்படவில்லை. ஸ்நோடனின் வேலையில் நம் நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

1990இல் அவர் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ்-பிரவுன் முதுமை ஆய்வு மையத்துக்குப் போனார். இதன்பின் ஆய்வு விரிந்தது. மில்வாக்கி, பால்டிமோர், சிகாகோ, டல்லஸ் எனப் பல இடங்களில் இருந்த மடங்களுக்கு அவரே போய்ப் பேசினார். அப்போது அவர் கேட்டது எளிதான உதவி அல்ல. ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்கு உட்பட வேண்டும். மடத்துப் பதிவேடுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் திறந்துவிட வேண்டும். இறந்த பிறகு மூளையைத் தர வேண்டும். 1917க்கு முன் பிறந்த, தகுதியுள்ள 1,027 சகோதரிகளில் 678 பேர் சம்மதித்தார்கள். அவர்களுடைய வயது 75 முதல் 102 வரை. பிள்ளை பெறாத வாழ்வைத் தேர்ந்துகொண்ட தங்களுக்கு, வரும் தலைமுறைக்கு உயிர் கொடுக்க இது இன்னொரு வழி என்று அவர்களில் ஒருவர் சொன்னதை ஸ்நோடன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். மூன்றில் இரண்டு பேர் மூளையைத் தர ஒப்புக்கொள்வது சாதாரணமல்ல. பல நாடுகளில் உடற்கூறாய்வுக்கு உறவினர் சம்மதம் வாங்குவதே பெரும்பாடு.

சோதனை எப்படி நடந்தது என்று சற்று கிட்டே போய்ப் பார்க்கலாம். சோதனை செய்பவர் பத்துச் சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்: வெண்ணெய், கை, கடிதம், ராணி, டிக்கெட், புல் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாதாரணச் சொற்கள். சகோதரி அவற்றைப் படித்துவிட்டு நினைவில் இருப்பதைச் சொல்ல வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு வேறு வேலை கொடுத்து, சில நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்கள். வயதானவர்கள் ஐந்தாறு சொல்லைத் திருப்பிச் சொன்னால் கவலையில்லை. மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் நோய் தொடங்கியவருக்கோ பெரும்பாலும் ஒரு சொல்லும் திரும்பி வராது. சிலருக்குச் சொற்களைப் படித்ததே நினைவிருக்காது. புதிதாக வந்ததைச் சேமித்து வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை நோய் தொடக்கத்திலேயே தாக்குவதால் இப்படி ஆகிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய பாட்டு நினைவிருக்கும். காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. வீட்டில் இந்நோயைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதை அறிவார்கள்.

ஒரு சகோதரி இறந்ததும் மூளை கென்டக்கியின் லெக்சிங்டன் நகரத்துக்கு வரும். அங்கே வில்லியம் மார்க்ஸ்பெரி என்ற நரம்பு நோயியல் மருத்துவர் அதை வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். இந்த மூளைக்கு உரியவர் எந்தச் சோதனையில் எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்று அவருக்குச் சொல்லமாட்டார்கள். திசு சொல்வதை மட்டும் அவர் எழுத வேண்டும். பிறகுதான் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஆய்வின் வலிமை முழுவதும் இந்த ஒழுங்கில்தான் இருந்தது.

நுண்ணோக்கியில் அவர் தேடியது என்ன? 1906இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் ட்யூபிங்கன் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். பிராங்பர்ட் மனநோய் மருத்துவமனையில் 1901இல் சேர்க்கப்பட்டு, 55ஆம் வயதில் இறந்த ஆகஸ்டே டீட்டர் என்ற பெண்ணின் மூளையில் தாம் கண்டதை அங்கே விவரித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக ஏதோ படிந்திருந்தது. அணுக்களுக்கு உள்ளே இழைகள் முறுக்கிக் கிடந்தன. அந்தத் திட்டுகள் அமிலாய்ட் என்ற புரதத் துண்டாலும், முடிச்சுகள் டவ் என்ற புரதத்தாலும் ஆனவை என்று பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியவந்தது. திட்டும் முடிச்சும் நிறைந்த மூளை நோயுற்ற மூளை என்பது பாடப்புத்தக இலக்கணமாயிற்று. முடிச்சுகள் மூளையில் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதை வைத்து ஹைக்கோ பிராக்கும் ஈவா பிராக்கும் ஆறு நிலைகள் வகுத்தார்கள். ஆறாவது நிலை என்றால் மூளைப் புறணி முழுவதும் பரவிவிட்டது என்று பொருள்.

இந்த இலக்கணத்துக்குள் அடங்காதவர்தான் சகோதரி மேரி. பதினொரு பிள்ளைகளில் மூத்தவர், உழைக்கும் குடும்பத்துப் பெண். எட்டாம் வகுப்புப் படிப்போடு 19 வயதில் கற்பிக்கத் தொடங்கினார். கோடை விடுமுறைகளில் தாமும் படித்தார். உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் கையில் வந்தபோது அவருக்கு வயது 41. 77 வயது வரை முழுநேர ஆசிரியை. அதன் பிறகு 84 வரை பகுதிநேரம். 101 வயதில் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த பொதுவான மனத்திறன் சோதனையில் 30க்கு 27 மதிப்பெண் வாங்கினார். எழுபது வயதுக்காரருக்கே அது நல்ல மதிப்பெண். அவருடைய மூளையிலோ திட்டுகளும் முடிச்சுகளும் ஏராளமாக இருந்தன. திசுவை மட்டும் பார்த்த ஒருவர், இந்த அம்மாள் கடைசி ஆண்டுகளில் தம் பெயரையே மறந்திருப்பார் என்று எழுதியிருக்கக்கூடும்.

மேரி தனி ஒருவர் அல்லர். எண்பதுகளின் நடுவில் மாரடைப்பால் இறந்த சகோதரி பெர்னடெட்டின் மூளை பிராக் ஆறாம் நிலையில் இருந்தது. சோதனைகளிலோ அவருக்குக் குறையே தெரியவில்லை. ஸ்நோடனுக்கு முன்பே, 1988இல், நியூயார்க்கில் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர் முதியோர் இல்லத்தில் இறந்த 137 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது, திட்டுகள் நிறைந்தும் தெளிவோடு வாழ்ந்த பத்துப் பேரைக் கண்டிருந்தார்கள். அந்தப் பத்து மூளைகளும் எடை கூடியவை. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் டேவிட் பென்னட் 1994இல் தொடங்கிய துறவியர் ஆய்வும் அதே பக்கம் கை காட்டியது. சாகும்வரை நினைவு கெடாத முதியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய மூளையில் அல்சைமர் நோய் என்று சொல்லும் அளவுக்குச் சேதம் இருந்தது.

நோய் இருந்தும் அது ஏன் சிலரிடம் தலைகாட்டவில்லை? கன்னியர் ஆய்வு இதற்குச் சொன்ன முதல் விடை ரத்தக் குழாய்களில் இருந்தது. 1997இல் ஸ்நோடனும் மார்க்ஸ்பெரியும் மற்றவர்களும் கல்லூரிப் படிப்பு முடித்த 102 சகோதரிகளின் மூளைகளை எடுத்துக்கொண்டார்கள். திசுவின்படி பார்த்தால் 61 பேருக்கு அல்சைமர் நோய் இருந்தது. இந்த 61 பேரில், பக்கவாதத் தழும்பு எதுவும் இல்லாதவர்களில் 57 விழுக்காட்டினருக்குத்தான் மறதிநோய் வெளிப்பட்டிருந்தது. மூளையின் ஆழ்பகுதிகளில், நுண்ணிய ரத்தக்குழாய் அடைபட்டு ஒன்றிரண்டு சிறு பொட்டுகள் செத்திருந்தாலும் அந்த விழுக்காடு 93 ஆனது. அந்தப் பொட்டுகள் எவ்வளவு சிறியவை என்றால், வந்தபோது கை கால் இழுத்துக்கொண்டிருக்காது, வாய் கோணியிருக்காது, யாரும் மருத்துவமனைக்கு ஓடியிருக்கமாட்டார்கள். அல்சைமர் சேதம் இல்லாத 41 பேரிடம் இதே பொட்டுகள் பெரிய கெடுதல் செய்யவில்லை. ஏற்கெனவே நோய் அரித்துக்கொண்டிருந்த மூளையைத்தான் அவை கவிழ்த்தன.

இதன் பொருளை நாம் போதுமான அளவு உள்வாங்கவில்லை. திட்டையும் முடிச்சையும் கரைக்கும் மருந்துக்காக உலகம் பல ஆயிரம் கோடி செலவழித்தது. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப், அமிலாய்டைப் பெருமளவு அகற்றுகிறது. ஆயினும் 18 மாதச் சோதனையில் நோயின் சரிவை 27 விழுக்காடு மட்டுமே மெதுவாக்கியது. சிலருக்கு மூளை வீக்கத்தையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கியது. தடுமாறிக்கொண்டிருந்த ஒரு துறைக்கு அது உண்மையான முன்னேற்றம்தான். இருந்தாலும் திசுவில் உள்ளதைத் துடைத்தால் மனிதர் மீண்டுவிடுவார் என்ற கணக்கு நேராகவில்லை. மூளையின் நுண்குழாய்களைக் காக்கும் மருந்தோ ஐம்பது வருடமாக நம்மிடம் இருக்கிறது. ரத்தக்கொதிப்புக்கு நாள்தோறும் விழுங்கும் அந்த மாத்திரை ஒரு பேருந்துக் கட்டண விலைக்குக் கிடைக்கிறது.

இப்போது அந்தத் தாள்களுக்கு வருவோம். ஸ்நோடன் தாமாக மொழியை அளக்கத் தெரிந்தவர் அல்லர். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் சூசன் கெம்பர் என்ற மொழி உளவியல் அறிஞரிடம் 93 சகோதரிகளின் குறிப்புகள் போயின. அவர் ஒவ்வொரு குறிப்பின் கடைசிப் பத்து வாக்கியங்களையும் எடுத்து இரண்டை அளந்தார். ஒன்று இலக்கணச் சிக்கல்: வாக்கியத்துக்குள் வாக்கியம் எத்தனை அடுக்கு போகிறது என்பது. மற்றது கருத்தடர்த்தி: பத்துச் சொல்லுக்கு எத்தனை தனிக் கருத்துகள் அடங்கியிருக்கின்றன என்பது.

கருத்தடர்த்தி என்றால் என்ன என்று காட்ட நானே இரண்டு வாக்கியங்கள் கட்டிப் பார்க்கிறேன். ஆங்கிலத்துக்கு வகுத்த கணக்கு தமிழுக்கு அப்படியே ஒத்துவராது என்றாலும் சாயல் தெரியும். “நான் ஒரு சிற்றூரில் பிறந்தேன், அந்தச் சிற்றூரில்தான் நான் வளர்ந்தேன், எங்கள் அப்பா அந்தச் சிற்றூரில் தச்சராக இருந்தார்” என்று ஒருத்தி எழுதுகிறாள். இன்னொருத்தி, “களைத்து வந்த தச்சர் அப்பா மடியில் இருத்திச் சொன்ன கதைகளே கடைக்குட்டியான என் முதல் பள்ளி” என்று எழுதுகிறாள். இரண்டாமவள் எழுதியது நீளம் குறைவு. அப்பாவின் தொழில், களைப்பு, மடி, கதை, தன் பிறப்பு வரிசை, கதைகள் தனக்கு என்னவாக இருந்தன என்ற மதிப்பீடு, அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, பிணைப்பு அறுந்துபோகாமல் வாக்கியம் முடியும்வரை மனதில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பிடிதான் அளக்கப்பட்டது.

ஏறத்தாழ 58 ஆண்டுகள் கழித்து அதே பெண்களின் நினைவுச் சோதனை முடிவுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். இளமையில் கருத்தடர்த்தி குறைவாக எழுதியவர்கள் முதுமையில் சோதனைகளில் தெளிவாகப் பின்தங்கியிருந்தார்கள். இலக்கணச் சிக்கல் அந்த அளவுக்குத் தொடர்புபடவில்லை. குறிப்பு எழுதியவர்களில் அதுவரை 14 பேர் இறந்து, அவர்களுடைய மூளைகள் ஆராயப்பட்டிருந்தன. கருத்தடர்த்தி குறைந்த அனைவரிடமும் அல்சைமர் நோய் உறுதியாகியிருந்தது. கருத்தடர்த்தி மிகுந்தவர்களில் ஒருவரிடமும் இல்லை.

பதினான்கு என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதன் மேல் மாளிகை கட்டுவது தவறு. இன்னொரு சிக்கலும் உண்டு. செறிவாக எழுதிய மூளை பின்னாளில் நோயைத் தாங்கிக்கொண்டதா, அல்லது நோயின் முதல் அரிப்பு இருபது வயதிலேயே தொடங்கி எழுத்தை மெலியச் செய்ததா? ஸ்நோடன் குழுவினர் இரண்டாவது வாய்ப்பை மறைக்கவில்லை. டவ் புரதத்தின் மிக ஆரம்ப மாற்றங்களை முப்பது வயதுக்குட்பட்டவர்களின் மூளைகளிலும் காண முடிகிறது என்று பிராக் பின்னர் காட்டியபோது இந்தக் கேள்வி இன்னும் கனத்தது. அறுபது ஆண்டுக் காலம் மெல்ல மெல்ல நடக்கும் நோயில் எது முன்னால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். எழுத்தோடு தொடர்பு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. தொடர்பின் திசை முடிவாகவில்லை.

2009இல் டியேகோ ஐக்கோனோவும் மற்றவர்களும் ஒரு துப்பைக் கண்டார்கள். கன்னியர் ஆய்வின் 38 மூளைகளில், திசுவில் நோய் இருந்தும் வாழ்வில் நினைவு கெடாதவர்களின் ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்கள் சாதாரண மூளைகளில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தன. அணுவும் பெரிது, அதன் உட்கருவும் பெரிது. நோயுற்று நினைவிழந்தவர்களிடமோ அவை சுருங்கியிருந்தன. இளமைக் குறிப்பு கிடைத்த இடங்களில், இந்தத் தாங்கிநின்ற பெண்களின் கருத்தடர்த்தியும் கூடுதலாகவே இருந்தது. சேதம் வரும்போது நரம்பணு பெருத்து ஈடுகொடுக்கப் பார்க்கிறது என்பது ஒரு விளக்கம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் ஸ்டெர்ன் பல ஆண்டுகளாக அறிவாற்றல் கையிருப்பு என்று விளக்கி வருவதும் இதைச் சார்ந்ததே. ஊருக்கு ஒரே சாலை இருந்து அதன் பாலம் உடைந்தால் ஊர் முடங்கும். நான்கு வழி இருந்தால் சுற்றியாவது போய்ச் சேரலாம். படிப்பும், சிந்திக்க வைக்கும் வேலையும், மனிதர்களோடு புழங்குவதும் அந்த மாற்று வழிகளை உண்டாக்குகின்றன என்பது கோட்பாடு.

அதே தாள்களை வைத்து 2001இல் வந்த இன்னோர் ஆய்வு, மகிழ்ச்சியும் நன்றியும் நிறைய எழுதிய சகோதரிகள் நெடுநாள் வாழ்ந்ததாகச் சொன்னது. அதைப் பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. நல்லெண்ணத்தை ஆயுள் மருந்தாக விற்பவர்களுக்கு அது தீனி போட்டுவிட்டது.

இதே தீனி மறதிநோய் விஷயத்திலும் போடப்படுகிறது. குறுக்கெழுத்து போடுங்கள், சுடோகு போடுங்கள், மறதி வராது என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. அதன் மறுபக்கம் கொடுமையானது: வந்துவிட்டால், மூளையைப் பயன்படுத்தாததால் வந்தது என்று ஆகிவிடும். அம்மாவைப் பராமரிக்கும் மகள் ஏற்கெனவே சுமக்கும் பாரத்தின் மேல் இந்தப் பழியும் ஏறுகிறது. கன்னியர் ஆய்வு இதற்கு எந்த ஆதாரமும் தரவில்லை. முதுகலைப் பட்டம் பெற்று, நாற்பது வருடம் பாடம் நடத்தி, தினமும் படித்தும் ஜெபித்தும் வாழ்ந்த சகோதரிகளுக்கும் நோய் வந்தது. ஏபிஓஇ என்ற மரபணுவின் நான்காம் வகை ஒருவரிடம் இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. அதை யாரும் கேட்டு வாங்கிவரவில்லை. கூட்டத்துக்குப் பொருந்தும் விழுக்காட்டை எடுத்துத் தனி மனிதரின் நெற்றியில் ஒட்டக் கூடாது.

படிப்புக்கும் மறதிநோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்க மடத்தில் கண்டவர்கள், எழுதவே தெரியாதவர்களிடம் அதை எப்படி அளப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நம்மிடம் அந்த யோசனை கட்டாயம். உலகின் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருந்தார்கள். ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதாக இல்லை. அந்தக் கணக்கையே பெயராகக் கொண்டு 10/66 ஆய்வுக்குழு பிறந்தது. அது பிற நாடுகளிலும், இங்கே சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்தது. 2008இல் வந்த முடிவில், அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் அளவுகோல்படி கியூபாவில் 6.3 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருந்தது. வேலூர் கிராமங்களில் 0.3 விழுக்காடு. படிப்பறிவில்லாதவர்களுக்கும் பொருந்தும்படி குழு தானே வகுத்த அளவுகோலை வைத்தபோது வேலூரின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது.

ஏன் இவ்வளவு வேறுபாடு? கையேட்டின்படி, நினைவு குறைந்து அன்றாட வாழ்க்கையும் கெட்டிருந்தால்தான் நோய். நம் கிராமத்து வீட்டில் ஒரு பாட்டியின் அன்றாட வாழ்க்கை கெட்டுவிட்டதா என்று மருமகளிடம் கேட்டால் என்ன சொல்வார்? பாட்டி சந்தைக்குப் போவதில்லை, பணம் எண்ணுவதில்லை, பத்திரம் படிப்பதில்லை. சோறு போட்டுத் தருகிறார்கள், தலை வாரிவிடுகிறார்கள், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சொன்னதையே சொல்கிறார், வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும். குடும்பத்தின் அன்பான கவனிப்பே நோயை மறைத்துவிடுகிறது. எதையும் செய்யச் சொல்லாதவரிடம், செய்ய முடியவில்லை என்பது எப்படித் தெரியும்? இரவில் எழுந்து வெளியே போய்விட்ட பிறகு, அல்லது மகனைப் பார்த்து யார் நீ என்று கேட்ட பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். அதற்குள் பல வருடம் ஓடிவிட்டிருக்கும்.

நாடு முழுவதும் நடந்த பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2023இல் வந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் அதிகம். பள்ளிக்கு அனுப்பப்படாத அந்தத் தலைமுறைப் பெண்களின் பங்கை இந்த மூன்று ஒப்பீடுகளிலும் காணலாம். ஸ்நோடன் 1989இல் மடத்துக்குள் கண்டது, இங்கே நாடளவில் நிற்கிறது.

நம் பக்கமிருந்து ஆய்வுலகத்துக்குப் போன ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள்: இரண்டு மொழி பேசுபவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிட நான்கரை ஆண்டு தாமதமாக நோய் தொடங்குகிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு தெரிகிறது. மூளைக்குக் கையிருப்பு சேர்ப்பது பள்ளிக்கூடம் மட்டும் அல்ல என்பதற்கு இது ஒரு சான்று. பிற நாட்டு ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் தெருவில் தெலுங்கும் தக்காணி உருதும் மாறி மாறிப் பேசும் ஓர் ஊரில்தான் இதைக் கேட்கவே முடியும்.

கன்னியர் ஆய்வுக்கு வரம்புகள் உண்டு. எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர், 75 வயதை எட்டிப் பிழைத்தவர்கள். அவர்களிடம் கண்டதை அப்படியே கூலி வேலை செய்து களைத்த நம் ஊர்ப் பாட்டிமேல் ஏற்ற முடியாது. ஆனால் பல திசைகளிலிருந்து வந்த ஆய்வுகள் இன்று ஒரே இடத்தில் சந்திக்கின்றன. லான்செட் இதழின் ஆணையம் 2024இல் மறதிநோய்க்குத் தூண்டுதலான, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் முழுக்க அகற்ற முடிந்தால் உலகின் மறதிநோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. இளமையில் படிப்பின்மை, நடுவயதில் காது மந்தம், ரத்தக்கொதிப்பு, நீரிழிவு, கெட்ட கொழுப்பு, முதுமையில் தனிமை ஆகியவை அதில் உண்டு.

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே ஓரளவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரைகளை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 61 சகோதரிகளின் மூளைகளைக் கொண்டு பார்த்தால் அவை நினைவுக்குமான மாத்திரைகள். நாற்பத்தைந்து வயதில் கொதிப்பு இருந்தும் தலைவலி இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பயப்படாதவர்கள்கூடப் பிள்ளையின் பெயர் மறந்துபோவதற்குப் பயப்படுவார்கள்.

அந்தத் தன்னார்வலரின் பதிவேட்டில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். வீட்டுப் பெரியவருக்குக் காது சரியாகக் கேட்கிறதா? ஒரு வருடத்துக்கு முன்பு செய்த வேலை எதையாவது இப்போது அவர் செய்யாமல் விட்டிருக்கிறாரா? விட்டார் என்றால், அவராக விட்டாரா, நீங்களாக வாங்கிக்கொண்டீர்களா? மூன்றாவது கேள்வியை வேலூர் கிராமங்களின் கணக்குத்தான் நமக்குக் கற்றுத் தந்தது. அதைக் கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை. மருமகள் பதில் சொல்லி முடிக்கும்வரை வாசலில் உட்கார அந்தத் தன்னார்வலருக்குக் கூடுதலாகப் பத்து நிமிடமும், அந்தப் பத்து நிமிடத்துக்குரிய ஊதியமும் வேண்டும்.